மலேரியா சாய்க்காத வம்சம்

இருந்தவர்கள்: மூலக்குளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசல் பெஞ்சில் மூன்று பேர். மூன்று மாதக் கர்ப்பிணி சுடர்விழி. அவள் கணவன் விமல்ராஜ். அவனுக்கு அம்மாவும் அவளுக்குச் சொந்த அத்தையுமான ரஞ்சிதம், மூடிப்போன மில்லில் நூல் சுற்றியவள்.

— சொத்த ரத்தம்னு ரிப்போர்ட் வந்தது உனக்கு. ஊசி எனக்கா, சுடரு?

— சொத்தையெல்லாம் இல்ல மாமா. தலசீமியா. அதுவும் பாதிதான், எனக்கு ஒண்ணும் ஆவாது. இந்த மாதிரி ரத்தம் இருந்தா மலேரியா வந்தாக்கூட ஆள அவ்ளோ லேசுல சாய்க்காதாம். மாசமா இருக்கறவளயும்தான். டாக்டரம்மா சொன்னாங்க.

— அட, அப்ப அது எங்க ரத்தம்டி! மா, நான் உன் வயித்துல இருந்தப்ப மில்லு பூரா குளிர்காய்ச்சல்னியே?

— ம். சொன்னேன்.

— பக்கத்து மிஷின்காரி, அவளும் மாசமா இருந்தவ, அந்தக் காய்ச்சல்லயே போயிட்டா. எங்கம்மா ஒரு தும்மல் போடல. சும்மாவா? ராஜ வம்சம்!

— இப்பதான மாமா சொத்த ரத்தம்ன?

— அது தெரியாம சொன்னது.

— பயமே அதான். எங்கப்பாவும் அத்தையும் கூடப்பொறந்தவங்க. எனக்கு இருக்கறது உனக்கும் இருந்தா, புள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேந்து வந்துடலாம். வந்துச்சுன்னா ஆயுசுக்கும் மாசாமாசம் ரத்தம் ஏத்தணும்.

— என்னாது?

— ராஜ வம்சம்ல.

— ஏய், நான் அப்படியே எங்கப்பா ஜாடைன்னு ஊரே சொல்லுது. சும்மாவா? மா, நீயே சொல்லேன்.

— ஜாடைய அப்பறம் பாத்துக்கலாம். உள்ள உன் பேர கூப்புடறாங்க, எழுந்திரு.

— ஊசி பெருசா இருக்குமா மா?

— அப்பனாவப் போறவன் கேக்குற கேள்வியாடா இது? போ.

— அத்தை, அவருக்கும் இருந்துட்டா இந்தப் புள்ளைய நான் என்ன பண்றது?

— அவனுக்கு எங்க வம்சத்துது வராது. அழாத.

— நீங்க பெத்த புள்ளைதான அவரு, எப்படி அத்தை வராது?

— கதவ பாரு. சாத்திட்டாங்களா?

— சாத்தியாச்சு.

— தாப்பா?

— போட்டாச்சு. ஓடிடுவாருன்னு பயம்போல.

— அப்ப கேட்டுக்க. மில்லுல எனக்குக் காய்ச்சலும் வரல, வயிறும் வரல. செத்துப்போனாளே பக்கத்து மிஷின்காரி, அவ பெத்துப் போட்டுட்டுப் போனவன்தான் உள்ள உக்காந்திருக்கான். எங்கண்ணன் ரத்தமாவது இந்த ஊட்டுக்குள்ள வரட்டும்னுதாண்டி உன்ன அவனுக்குக் கட்டி வெச்சேன்.