உங்கள் பெயரில் இல்லாத வீடு

2024 ஜூன் 12, புதன்கிழமை காலை, சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் முதியோர் சொத்துப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பேசியது நான்.

சுண்டலுக்கும் நான்தான் ஏற்பாடு செய்தேன். பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கும் என்று உப்பைக் குறைக்கச் சொன்னேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால் இதையும் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். எதையும் விட்டுவிட்டு எழுதிப் பழக்கமில்லை.

“மூலப்பத்திரம் எங்கே என்று எவன் கேட்டாலும் அவன் திருடன். சொந்தக்காரன் கேட்டால் பெரிய திருடன்” என்றேன். ஒரு பெரியவர் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். முன்வரிசையில் கனகலட்சுமி அக்கா உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள் யோகலட்சுமி கோயம்புத்தூரில். அக்கா மட்டும் கழுகுமலை ரோட்டில் சொந்த வீட்டில்.

“ஏ மகாராசா, அப்ப நீ கேட்டா?” என்றார் அக்கா.

“நான் கேக்கவே மாட்டேங்க்கா.”

“கேக்காமலே எடுத்துக்கிடுவியாக்கும்.”

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு சரியாக யாரும் என்னைக் கணித்ததில்லை.

ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்தார். யாரோ ஒரு புரோக்கர் இரண்டு தடவை வந்து வீட்டை விலைக்குக் கேட்டிருக்கிறான். “நீ சொன்னதக் கேட்டதுலயிருந்து படுத்தா ஒறக்கம் வரமாட்டேங்கு மக்கா” என்றார். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. காபி வாங்கிக் கொடுத்தேன்.

“யோசிச்சுப் பாருங்கக்கா. ஒங்க பேர்ல இல்லாத வீட்ட எவன் ஒங்கள ஏமாத்தி வாங்க முடியும்?”

அக்கா காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “அதுஞ் சரிதாம்வே. அப்ப மக பேருக்கு எழுதிரட்டா?”

“அங்க மருமகன ஏமாத்திருவானுவ.”

மருமகன் எளிதில் ஏமாறுகிற ஆள்தான் என்று அக்காவுக்கும் ஓர் எண்ணம் இருந்தது. அதனால் கொஞ்ச காலத்துக்கு என் பெயரில் இருக்கட்டும் என்று முடிவானது. தானப் பத்திரம் எழுதினோம். எப்போது கேட்டாலும் திருப்பித் தருவேன் என்று வெள்ளைத்தாளில் தனியாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளில் வடை மடிக்கலாம், வேறெதற்கும் ஆகாது. பதிவின்போது அதிகாரி முறைப்படி இரண்டு தடவை கேட்டார், சம்மதமா என்று. அக்கா நான் சொல்லிக் கொடுத்தபடி “முழுச் சம்மதம்” என்றார். வெளியே வந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“இனி எவன் வந்தாலும் எனக்கு வீடே கெடயாதுன்னு சொல்லிருவேம்லா!”

ஆமாம் என்றேன்.

ஜனவரியில் யோகலட்சுமி செல்போனில் வில்லங்கச் சான்று எடுத்து, வீடு என் பெயரில் இருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாளாம்: “அம்மா, மூலப்பத்திரம் எங்கம்மா?”

அக்கா கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தார். “நீ சொன்னாப்புலயே கேட்டுட்டாவே. எம் மகளும் அந்தத் திருட்டுக் கூட்டந்தான்.” அழுதார். ஆறுதல் சொன்னேன். மகள்மேல் போலீசுக்குக் கொடுக்க வேண்டிய மனுவை நானே எழுதினேன். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த மனு உங்கள் கோப்பில் இருக்கும். கையெழுத்து நன்றாக இருக்கும். யோகலட்சுமி சாயங்காலம் வரை தெருவிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

என்னிடம் வீட்டை விலை பேசிய வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் அதைக் காலி செய்து தரச் சொன்னார். புரோக்கர்கள் நோட்டம் பார்க்கிறார்கள், ஆறு மாதம் தள்ளி இருங்கள் என்று சொல்லி அக்காவைப் பனவடலிசத்திரத்தில் ஓர் அறையில் குடிவைத்தேன். ஒரு ஸ்டவ், நாலு சேலை, அந்த வெள்ளைத்தாள். அவ்வளவுதான் கொண்டுபோனார். வாரம் ஒருமுறை போன் செய்து வீடு பத்திரமா என்று கேட்பார். பத்திரம் என்பேன்.

திட்டமிட்டுச் செய்தாயா என்று கேட்டீர்கள். ஆம். அந்தக் கூட்டத்தைப் போட்டதே, துணையில்லாமல் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்கத்தான். ஆனால் ஒன்றை நியாயமாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் புரோக்கர் அடிமாட்டு விலைதான் கேட்டான். நான் நல்ல விலைக்குத்தான் விற்றேன். அக்காவின் வீட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

போன வியாழக்கிழமை வீட்டை இடித்து முடித்தார்கள். அக்காவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.