இரண்டு சுற்று

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், சார். எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். முப்பது வருடம் சாவி அராவிய கைக்குப் பேனா பழக்கமில்லை.

கடைத்தெருவில் திருட்டு அதிகமானபோது போலீசும் மக்களும் சேர்ந்து குழு அமைத்தோம். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள். ஊருக்குப் போகிறவர்கள் மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது என் யோசனைதான். நீங்களே கூட்டத்தில் என் தோளைத் தட்டி, "அண்ணன மாதிரி தெருவுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றீர்கள். அப்படியே ஆயிற்று. எட்டு மாதம் ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை.

அதனாலேயே முனையிலிருந்த போலீஸ் பூத்தை எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். "இங்கதான் ஒண்ணும் நடக்கலையேண்ணே."

பூத் போனால் குழு கலையும், புதன்கிழமைக் கூட்டம் நின்றுபோகும். மனைவி போன பிறகு என்னோடு நாலு வார்த்தை பேச அந்தக் கூட்டத்தை விட்டால் ஆளில்லை. ஆனால் அதற்காக இல்லை, சார். பூத்தை எடுத்தால் திருடன் வருவான் என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செய்து காட்ட வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு இஸ்திரிப் பெட்டி. அப்புறம் ஒரு கைக்கடிகாரம், ஒரு ஜோடித் தோடு. எல்லாம் பட்டப்பகலில், ஆளில்லாத வீடுகளில். ஒன்றைக்கூட விற்கவில்லை. கடைப் பரணில் கோணியில் கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது திருட்டோடு பூத்தை எடுப்பதைத் தள்ளிப்போட்டீர்கள். அந்தப் புதன்கிழமை கூட்டத்தில் நாற்காலி போதவில்லை.

மாடி வீட்டு டீச்சரம்மா விஷயம் அப்படி நடந்திருக்க வேண்டியதில்லை. மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சாவி கொடுத்தார். ஆறாம் நாளே திரும்பிவிட்டது எனக்குத் தெரியாது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு அது. பயணக் களைப்பில் தாழ்ப்பாள் போடாமல் படுத்துவிட்டார் போலிருக்கிறது. வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தால் இரண்டு சுற்று திருப்ப வேண்டிய சாவி, அந்தத் திங்கள்கிழமை மதியம் லேசாகத் திரும்பியதை நான் கவனித்திருக்க வேண்டும். வயதாகிவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. "நீயா தம்பி, குழாய் ஏதாச்சும் ஒழுகுதா?" என்றபடி எழுந்து வந்தார். அப்புறம்தான் என் கையிலிருந்த நகைப் பெட்டியைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பினார். தள்ளினேன். மேசை விளிம்பில் தலை பட்டது.

விழுந்த பிறகும் நினைவு இருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லியிருக்க மாட்டார்தான், நல்ல மனுஷி. ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் நீ எப்படி உள்ளே போனாய் என்று நாலு பேர் கேட்பார்கள். குழுவின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கை ஒரே நாளில் பாழாகிவிடும். போனைத் தூர எடுத்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் மூன்று தடவை படியேறிக் கதவில் காது வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வரை முனகல் இருந்தது.

புதன்கிழமை, அம்மா போன் எடுக்கவில்லை என்று மகள் ஸ்டேஷனுக்குச் சொல்ல, நீங்கள் என்னைச் சாவியோடு வரச் சொன்னீர்கள். உங்கள் கண்முன்தான் சாவியை இரண்டு சுற்று திருப்பித் திறந்தேன். உள்ளே பார்த்துவிட்டு வந்து, பூட்டை வெகுநேரம் தடவிக்கொண்டு நின்றீர்கள்.

"அண்ணே, இதுக்கு உள்பக்கம் சாவி ஓட்டையே இல்லையே. அவங்க உள்ள கிடக்கிறப்போ வெளியே ரெண்டு சுத்து பூட்டுனது யாரு?"

அந்தப் பூட்டைப் பொருத்தியதே நான்தான். சும்மா சாத்திவிட்டு வந்திருந்தால் தானாக விழுந்தார் என்று போயிருக்கும். ஒரு வீட்டைப் பூட்டாமல் விட்டுவர எனக்கு மனசு வராது, சார். அது தொழில் புத்தி.

இனி பூத் நிரந்தரம் என்று கேள்விப்பட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. நான் சொன்னதுதானே நடந்தது. களைப்பாக இருக்கிறது, இத்தோடு முடித்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று. கடையில் இன்னும் பதினோரு வீட்டுச் சாவி தொங்குகிறது. ஆள் அனுப்பி உடனே எடுத்துவிடுங்கள். கண்டவன் கையில் கிடைத்தால் ஆபத்து.