முறை சொல்லிக் களைத்த தேசப்பனாருக்கு

ஏரியின் இயல்பறிந்த ஏந்தலே! வலைக்கும் வயிற்றுக்கும் வழிகாட்டிய வள்ளலே! கோரைமேட்டுக் குப்பம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் மேற்பார்வையாளராய் இருந்து இன்று ஓய்வுபெறும் தேசப்பனாரே! வணக்கம். மாலை கனத்தால் கழற்றி வைத்துவிட்டு, சாய்ந்தமர்ந்து கேட்டருளுங்கள்.

அவையோரே! பழவேற்காட்டு ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்கள் சிலவே. அங்கே வலையிட வீட்டுக்கு வீடு முறை மாறி வருவதைத்தான் பாடு என்கிறோம். யார் முறை, யாருக்கு விலக்கு, தகராறு மூண்டால் தீர்வு என்ன என்ற முன்னோர் வழக்கத்தையெல்லாம் இத்தனை ஆண்டுகளாக வாய் ஓயாமல் எடுத்துரைத்தவர் இவர். சங்க வேலை மாலையில் முடிந்துவிடும்; இந்த வேலைக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். கேட்டுப் போனவர்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டேதான் போனார்கள்.

எழுபத்தொன்றாம் ஆண்டு, இறால் ஓடும் நேரம். கனகாம்பாளின் கணவர் இறந்துபோக, அந்த வீட்டின் முறை துக்கத்திலேயே கழிந்துவிட்டது. சாவு விழுந்த வீடு முறையை இழக்கக் கூடாது, காரியம் முடிந்ததும் அடுத்த முறைக்காரர் விட்டுத்தர வேண்டும் என்பது எங்கள் குப்பத்து வழக்கம். அந்த அடுத்த முறைக்காரன் இவருடைய மகன் முனிகிருஷ்ணன். புது வலையோடு அந்த ஒரு முறையையே நம்பியிருந்தவன். இவர் சும்மா இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இவர் வாய் திறந்தார்.

"நைனா, ஊருக்கெல்லாம் நாயம் சொல்லிக்கினு கீறியே, பெத்த புள்ளைக்கு ஒண்ணு சொல்ல மாட்டியா?" என்றான் மகன்.

"அதத்தாண்டா சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு உட்டுக் குடு."

கனகாம்பாளின் தம்பி வலை போட்டார். முனிகிருஷ்ணன் கும்மிடிப்பூண்டி அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனவன்தான். இன்றுவரை அப்பனோடு பேச்சில்லை. இந்த விழாவுக்கு அழைத்து ஆள் அனுப்பினோம். வரவில்லை. பெற்ற மனம் என்ன பாடுபடும்!

போன வாரம் எங்கள் எழுத்தர் வீரராகவன் இவரிடம், "ஐயா, இனிமே நாங்க யாரப் போய்க் கேக்கறது?" என்றார். பெரியவர் கண்ணை மூடியபடியே சொன்னார்: "இன்னாத்துக்குக் கேக்கணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரியாம ஒருத்தனும் எங்கிட்ட வரலப்பா. நான் சொன்னா, கோவத்த எம்மேல கொட்டிட்டு, நீங்கெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்துக்கலாம். அதுக்குத்தான் வந்தீங்க."

அன்று மாலையே ஊழியர்கள் எல்லோரும் கூடிப் பேசினோம்.

ஆகவே, ஐயா! பொன்னாடை போர்த்தியது மரியாதைக்கு. தங்களுக்கு வேண்டியது வேறென்று இப்போதுதான் புரிகிறது. நாளை முதல் முறை சொல்லும் பொறுப்பை நாங்கள் ஆளுக்கொரு மாதம் ஏற்கிறோம். முதல் மாதம் வீரராகவன். திட்டும் சாபமும் இனி வீட்டுக்கு வீடு முறை மாறி வரட்டும். தங்கள் வீட்டுக்கு அந்த முறை இனி கிடையாது.

நோய்நொடியின்றி, நெஞ்சில் சுமையின்றி, நெடுநாள் வாழ்க! பட்டப்பகலிலும் படுத்து உறங்குங்கள். எழுப்ப மாட்டோம்.

இங்ஙனம்,
இதுவரை தங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நல்லவர்களாகவே இருந்துவிட்ட
சங்க ஊழியர்கள்,
கோரைமேட்டுக் குப்பம், 1974.