ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்காய்

“ஞாயித்துக்கெழம மட்டும் வைட்டமின் மாத்திர போட மாட்டேன்.”

இப்படிச் சொன்ன அம்மாளை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. திருமுல்லைவாயிலில் ரயிலேறி என் எதிரில் உட்கார்ந்தவர். அவர் பக்கத்தில் இருந்த இளையவள் அதே மாத்திரையை டப்பாவில் அடைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“ஏங்க்கா? டெய்லி போட்டாத்தான அந்த ஆன்டிஆக்சிடன்ட்லாம் ஒடம்புல சேரும்?”

“அது நெல்லிக்காயில செஞ்சதுடி. ஞாயித்துக்கெழம நெல்லிக்கா துன்னக் கூடாது. எம் மாமியாருக்குத் தெரிஞ்சா ஊட்டாண்டயே சேக்காது. மத்த நாள்ல போடறேன், நல்லாத்தான் கீறேன்.”

“மாத்திரைக்கு இன்னாக்கா கெழம?”

“டப்பாவுலயே கீதே. எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. காட்ல காயி பறிக்கிறவங்களுக்கு நாயமான கூலி, ஞாயித்துக்கெழம லீவுன்னு. அவங்களே அன்னிக்கு நெல்லிக்காயத் தொட மாட்டாங்க பாரு. மொற தெரிஞ்சவங்க. அதான் அந்தக் கம்பெனி மாத்திரைய மட்டும் வாங்கறேன்.”

இளையவள் சிரித்தாள். “பறிக்கிறவங்களுக்கு லீவு. அத்த டப்பாவுல போடற எங்களுக்கு ஞாயித்துக்கெழமயும் டூட்டி.”

அம்மாள் சிரிக்கவில்லை. பட்டரைவாக்கத்தில் இறங்க எழுந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சூப்பர்வைசராண்ட போயி, ஞாயித்துக்கெழம நெல்லிக்காயத் தொட மாட்டோம்னு சொல்லு. ஏன்னு கேட்டா, அவங்க டப்பாவையே எடுத்துக் காட்டு.”