குட்டிநகம் வளர்க்கும் முறை

உங்கள் மேஜைமேல் இருக்கிற தொட்டிக்கு இவ்வளவு தண்ணீர் ஆகாது, ஐயா. குட்டிநகம் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். தோட்டத்து மண்ணைக் கொட்டிவிட்டுச் சுண்ணாம்புக்கல் பொடியில் வையுங்கள். குளிர்காலம் முடிகிறவரை ஒரு சொட்டுக்கூடக் காட்டாதீர்கள். விரல் நகம் அளவுக்கு வரவே பத்து வருஷம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு இந்தக் கள்ளி சரிப்படாது.

என் பெயர் எதெல்வினா. எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற நாற்றுக்கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. விதை போட்டு வளர்த்து, அனுமதி வாங்கி விற்கிறோம். அந்த விதை பள்ளத்தாக்குச் சுவரில் இருக்கிற ஒரே ஒரு பாறைத் திட்டிலிருந்துதான் வருகிறது. மற்ற இடங்களையெல்லாம் போன வருஷம் திருட்டுப் பயல்கள் வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் குழிகள்தான் மிச்சம். ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பயம்தான். நாய் குரைத்தால் பயம், ஊருக்குள் புது வண்டி வந்தால் பயம். கண்ணை மூடினாலும் குழிதான் தெரியும்.

அபுந்தியோ என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் போனபிறகு விதை எடுக்க அவன்தான் இறங்குவான். எங்கள் ஊரில் கயிற்றைப் பிடித்து மேலே நிற்பது சொந்தக்காரராக இருக்கவேண்டும். அந்நியரை நம்பி யாரும் இறங்கமாட்டார்கள். கயிற்றைக் கருவேல மரத்தில் கட்டுவோம். இறங்கியவன் திட்டில் கால் வைத்ததும் இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். விதைப் பையை அதே கயிற்றில் மேலே இழுத்து எடுத்துக்கொண்டு, மறுபடி அவனுக்கு இறக்குவோம். திட்டுக்கு மேலே வழவழப்பான சுவர், கீழே அதலபாதாளம்.

சிலுவைத் திருநாளில் வெளியூர்க்காரன் ஒருவன் அபுந்தியோவுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன். யார் அது என்று கேட்டேன்.

“பழைய டிராக்டர் விக்க வந்தவரு மதினி. நம்மகிட்ட இருக்கிறது நாலு ஆடு. அதுக்கு எதுக்கு டிராக்டர்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வாரம் கழித்து நானும் அவனும் மட்டும் விதைக்குப் போனோம். இரண்டு வருஷமாக மழை இல்லை. இறங்கும்போதுகூட அவனுக்கு வாய் சும்மா இல்லை. “மதினி, கயித்த விட்டுட்டு டிவி நாடகம் பாக்கப் போயிராதீங்க. ஒட்டிலியா உங்கள உரிச்சிருவா.” ஒட்டிலியா அவன் பெண்டாட்டி.

பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். திட்டு முழுக்கக் குழி. ஒரு செடிகூட இல்லை. அவன் குனிந்து குழிக்குள் கிடந்த விதையைத் தூரிகையால் கூட்டிக்கொண்டிருந்தான்.

“செடியெல்லாம் எங்கடா?”

“உள்ள இறங்கியிருக்கு மதினி. வறட்சி அப்படி. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். தண்ணீர் இல்லாவிட்டால் இந்தச் செடி சுருங்கி மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும், மேலே தூசி மூடிவிடும். புதிதாக வருகிற பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆனால் ஒன்றுகூடக் கண்ணில் படாத அளவுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. டிராக்டர்காரனுக்கு விற்கத் தோண்டி எடுத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

பையைக் கட்டி அனுப்பச் சொன்னேன், அனுப்பினான். உள்ளே விதையும் தூசியும்தான். அதோடு மனசு ஆறியிருக்க வேண்டும். சட்டைக்குள் வைத்திருப்பான் என்று பட்டது. உதறிக் காட்டச் சொன்னேன். கழற்றி உதறினான்.

“போதுமா? கால்சட்டையும் கழட்டவா? கழுகு பாத்தா வெக்கப்படும்.” பிறகு, “வெயில் தாங்கல மதினி, கயித்த விடுங்க” என்றான்.

“எங்க ஒளிச்சேன்னு சொல்லு, விடுறேன்” என்றேன். நியாயமாகத்தான் கேட்டேன். மாதாமேல் சத்தியம் செய்தான், பிள்ளைகள்மேல் செய்தான். மர நிழலில் உட்கார்ந்து சோளரொட்டியும் அவரையும் சாப்பிட்டேன். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்தேன்.

டிராக்டர்காரனோடு வடக்கே வேலைக்குப் போய்விட்டான் என்று ஒட்டிலியாவிடம் சொன்னேன். எங்கள் பக்கம் ஆண்கள் அப்படிப் போவது சகஜம். “சொல்லாமக் கூடவா போவாரு” என்று அழுதாள். அவளுக்கு ஒரு தட்டு அவரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாளும் பாறைக்குப் போய் அவனிடம் கேட்டேன். “ஒண்ணுமே இல்ல மதினி” என்றான். குரல் வறண்டிருந்தது. அதற்கடுத்த நாள் பேசவில்லை, கல்லால் கல்லைத் தட்டினான். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் மழை பிடித்தது, விடிய விடியக் கொட்டியது.

காலையில் நான் கல்லை எட்டுமுன்னே குரல் கேட்டது. “மதினி, வந்து பாருங்க. எல்லாம் மேல வந்திருச்சு. ஒண்ணு விடாம வந்திருச்சு.”

பார்த்தேன். திட்டு முழுக்கப் பச்சைப் பொத்தான்களாக உப்பிக்கொண்டு நின்றன. எதையும் மிதித்துவிடாமல் அவன் ஒரு மூலையில் காலை மடக்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அழுதான், சிரிக்கவும் செய்தான்.

“கோவமில்ல மதினி. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கயித்த விடுங்க.”

நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது இதைத்தான். ஆமாம், கயிறு என் கையில்தான் இருந்தது. அவன் குற்றமில்லாதவன் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான், ஐயா, முன்னே எப்போதும் இல்லாத பயம் வந்தது. மேலே வந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஒட்டிலியாவிடம் சொல்லுவான். ஊர் என்னிடமிருந்து நாற்றுக்கூடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். செடிகளை யார் பார்ப்பார்கள்? மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தேன், ஈரத்தை உதறிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மதினி, மதினி என்று வளைவு வரைக்கும் கூப்பிட்டான். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவும் இல்லை. அவன் உடம்பை உங்கள் ஆட்கள் இறங்கி எடுத்ததுதான்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான். ஆனால் எனக்கு இருக்கிற கவலை வேறே. ஒரு செடியைக்கூட மிதிக்காத ஆள் அவன். அடுத்த வருஷம் விதைக்கு இறங்க அப்படி ஒருவனை நான் எங்கே போய்த் தேடுவேன்?