கோயிலடி தாண்டாத அழைப்பு

ஓலைத்தொடுவாயிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள்:

"மாதா கோயிலடி தாண்டினவுடன என்ர மனுசன் மறைஞ்சிடுவார்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. ஊருக்கு வைஃபை பெட்டிகள் பொருத்தியவன் அவன்தான் என்பது பேச்சில் தெரிந்தது.

"கட்டாரில இருக்கிற அண்ணைதானே அக்கா? வீடியோவில கதைச்சுக்கொண்டு நடப்பீங்கள். வீட்டுக்குக் கிட்டப் போக கோல் கட்டாகும்."

"ஓம். மீளக்குடியேறிக் கட்டுற வீட்டை அவர் இன்னும் காணேல்ல."

"கோயிலடியில பூட்டின வைஃபை பெட்டியின்ர சிக்னல் உங்கட வீடுமட்டும் மெல்லிசா வருது. போன் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கும், வீட்டடிப் பெட்டிக்கு மாறாது. பிழை அதுதான்."

"அப்ப?"

"கோயில் பெட்டியின்ர பவரைக் குறைச்சிட்டன். இனி போன் தானா மாறும். நானே கோல் எடுத்து நடந்து பாத்தனான், கட்டாகேல்ல. இண்டைக்குப் பின்னேரம் அண்ணைக்கு முழு வீட்டையும் காட்டலாம்."

அவள் அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, கூரை போட்டாச்செண்டு அவரிட்டச் சொல்லிப்போட்டன். நாங்கள் இன்னும் தறப்பாளுக்குக் கீழதான் படுக்கிறம் எண்டு தெரிஞ்சா, வேலையை விட்டிட்டு வந்திடுவார். அந்தப் பவரைப் பழையபடி கூட்டி விடுவீங்களோ?"

அவன் யோசிக்கவே இல்லை.

"இண்டைக்கே கூட்டிவிடுறன். கூரை ஏறுற அண்டைக்குச் சொல்லுங்கோ அக்கா, குறைச்சுவிடுறன்."