தூக்குச்சட்டியில் வந்த கஞ்சி

ஏனாத்தூரில் காற்று சுத்தமாக இருக்கும் மேடம். கல்லூரியில் எனக்கு ஆய்வுக்கூடம் ஒதுக்கியபோது வயல் பக்கம் ஜன்னல் உள்ள அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். சுத்தம் எனக்கு முக்கியம்.

விசாரணை அறிக்கைக்காக வடிவைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

லித்தியம் பேட்டரியின் கேத்தோடு பொருளில் மின்சாரம் சுலபமாக ஓடாது. தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோ குழாய்களைக் கலந்தால் ஓடும். பார்வைக்கு வெறும் கரித்தூள். அதை உலர்ந்தபடியே கல்வத்தில், அதாவது சிறு குழியம்மியில், அரைத்துக் கலப்பது என் முறை. அரைத்தது உதவியாளர் வடிவு. தூசியை இழுக்கும் விசிறி ஓடினால் தூளும் போய்விடும். அதனால் நிறுத்தி வைத்தேன். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பேன். டப்பாவில் இருந்த எச்சரிக்கைத் தாளைக் கிழித்ததும் நான்தான். ஆங்கிலம். அவளுக்கு எப்படியும் புரியாது.

மூன்றாம் வருடம் இருமத் தொடங்கினாள். கைகழுவும் தொட்டியில் கறுப்புச் சளி. இரண்டு முறை தேய்த்துக் கழுவச் சொன்னேன். அதற்கு முன் ஒரு துளி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். சளியில் இருந்த நானோ குழாய்கள் உடையவில்லை. அரைப்பு சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். முன்பு பட்டுத் தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வேலைக்குப் போனவள்.

"இதுல கொழைச்சிப் பாரு சார். தூளு பறக்காது. நெஞ்செல்லாம் அடைச்சிக்கினு இருக்குது."

"ஏம்மா, பேட்டரி பசிக்குதுன்னு உங்கிட்ட சொல்லிச்சா?"

"நீ வேற சார்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவள் போனபின் கஞ்சியை இடுக்கியால் தொட்டுத் தூளில் கலந்தேன். தூள் பறக்கவில்லை. ஐந்நூறு முறை சார்ஜ் ஏற்றியும் பேட்டரி தளரவில்லை. என் முறையைவிட மேல்.

நோட்டில் 'தோல்வி' என்று எழுதினேன். அவள் கையில் மறுபடி கல்வத்தையே கொடுத்தேன். இன்னும் பதினான்கு மாதம் அரைத்தாள். போன வாரம் செத்துப்போனாள்.

ஏன் என்கிறீர்கள். அந்தச் சட்டி அவள் தெருவிலிருந்து வந்தது. அவள் கை பட்ட கஞ்சி என் பேட்டரிக்குள் இருக்கும் என்று நினைத்தாலே உடம்பு கூசியது. சாதி பார்ப்பவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் அரைத்த தூளை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லையே.